வலப்பக்கத்தை நான் தொடவில்லை

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். நடந்தது நடந்ததுதான்.

இதைச் சொன்னதும் முதலில் எல்லோரும் கேட்பது, "குடிச்சிருந்தியா?" என்றுதான். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அடுத்தது, "அந்தக் கெமிக்கல் வாசனையில தலை சுத்தியிருக்கும்" என்பார்கள். பதினோரு வருடமாக அந்த வாசனையில்தான் மூச்சு விடுகிறேன். ஒரு நாளும் தலை சுற்றியதில்லை. ஆகவே இரண்டையும் இப்போதே ஓரமாக வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

கார் பெயிண்ட்டில் ஒட்டிக்கொண்டு போக மறுக்கும் அழுக்கை எடுப்பது என் வேலை. சோப்புத் தண்ணீருக்கு அசைகிற அழுக்கை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடுவார்கள். என்னிடம் வருவதெல்லாம் பிடிவாதக்கார அழுக்கு. தார், மரப்பிசின், காய்ந்த பூச்சி, பிரேக்கிலிருந்து பறந்துவந்து பெயிண்ட்டில் குத்தி நிற்கும் இரும்புத் தூள். பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். ஒரு கார் நிற்கலாம், அதை ஓர் ஆள் சுற்றி வரலாம். அந்த ஆள் நான்தான். முன்பு கூட ஒருவன் இருந்தான். கல்யாணமானதும் மாமனார் ஊரோடு போய்விட்டான். அதற்குப் பிறகு ஷெட்டில் சத்தம் போடுவது நானும் பிரஷர் பம்ப்பும் மட்டும்.

வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி நர்ஸ். இரவு ஷிப்ட். சாயங்காலம் நான் வீடு திரும்புவதற்குள் அவள் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். காலை ஏழு நாற்பதுக்கு அவள் வருவாள், எட்டு மணிக்கு நான் கிளம்புவேன். நடுவில் இருக்கும் அந்த இருபது நிமிடம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. அதிலும் பாதி, "கேஸுக்குச் சொல்லிட்டீங்களா", "சாவியை எங்க வெச்சே" என்பதிலேயே போய்விடும். ஒரே கட்டிலை முறை வைத்துப் படுக்கிறோம். இரவு நான் படுக்கும்போது அவள் தலையணையில் இரண்டு மூன்று முடி கிடக்கும். அதை எடுத்துப் போட மனசு வராது. அப்படியே விட்டுவிட்டு என் பக்கத்தில் சுருண்டுகொள்வேன். தனியாக இருப்பது பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பழகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று மதியம் மூன்றரைக்கு ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினார். நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூட டீச்சராம். இறங்கியதும் காரின் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றார். மார்க் குறைந்த பேப்பரை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்களே, அந்த மாதிரி.

"தார் போகுமாங்க?"

"தள்ளுங்க டீச்சர், பார்க்கலாம்."

தள்ளி நின்றார். பார்த்தேன். முன் சக்கரத்திலிருந்து பின் பம்பர் வரைக்கும் வலப்பக்கம் முழுக்கத் தார்ப்புள்ளி. அதன்மேல் புழுதி படிந்து, வெயிலில் வெந்து, கல்லாகிக் கிடந்தது. கறுப்புக் காரில் கறுப்புத் தார்தானே என்று நினைக்காதீர்கள். பார்த்தால் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது.

"ரோடு பாதி போட்டுட்டு இருந்தாங்க. எனக்கு ஒதுங்கத் தெரியல. வலப்பக்கச் சக்கரம் ரெண்டும் புதுத் தார் மேலயே ஓடிடுச்சு. ரெண்டு மாசமா அந்தப் பக்கம் பார்க்காமலே ஏறி இறங்கிட்டு இருக்கேன்."

"இப்ப என்ன திடீர்னு?"

"அப்பா கார்ங்க இது." பானெட்டில் கையை வைத்துக்கொண்டார். "ஒரு வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரியில இருக்கார். பக்கவாதம். பேச்சு போயிடுச்சு. நாளைக்குக் காலைல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு சொல்லிட்டாங்க. இந்தக் கார்லதான் வருவார், வேற எதுலயும் ஏற மாட்டார். ஆனா இந்தக் கோலத்துல பார்த்தார்னா இதுலயும் ஏற மாட்டார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"அவர் இதை வெளி ஆள் யாரையும் தொட விட்டதே இல்ல. தானே கழுவுவார். கழுவி முடிச்சதும் ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் கவரைக் கையில மாட்டிக்கிட்டு, கண்ணை மூடிட்டு, வண்டி முழுக்கத் தடவிட்டே வருவார். எங்கயாவது சொரசொரன்னு பட்டுச்சுன்னா அந்த இடத்துல டொக் டொக்னு ரெண்டு தட்டு. நான் ஓடிப் போய்த் துடைக்கணும்."

எனக்கு ஒரே சந்தோஷம். அது எங்கள் தொழில் வித்தை. வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரியும் இடம், மேலே ஒரு கவரை மாட்டிக்கொண்டால் மணலைத் தொட்ட மாதிரி நெருடும். கண்ணுக்குத் தெரியாத அழுக்கும் அதில் மாட்டிக்கொள்ளும். ஸ்டூலில் நான் வைத்திருந்த கவரை எடுத்துக் காட்டினேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"தாரை மட்டும் என்கிட்டக்கூட விட மாட்டார். மருந்தைத் தடவி, ஊற வெச்சு, நகத்தாலயே ஒவ்வொண்ணா எடுப்பார். அதனால நகம் எப்பவும் கறுப்பாதான் இருக்கும்."

"ஐயோ, நகமே போடக் கூடாது டீச்சர். பெயிண்ட் கீறிடும்."

"அதை அவர்கிட்டயே சொல்லிப் பாருங்க," என்றார். "காலைல ஏழு மணிக்கு வர்றேன். ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது, ப்ளீஸ். அவர் ஆஸ்பத்திரி வாசல்ல இதைத் தடவிப் பார்க்காம ஏற மாட்டார்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"கவலைப்படாதீங்க டீச்சர். உங்க அப்பா ஒரு தட்டுகூடத் தட்ட மாட்டார்," என்றேன்.

வேலையைத் தொடங்கினேன். முதலில் தண்ணீரடித்துப் புழுதியை இறக்கினேன். அப்புறம் நுரை. அப்புறம் மேலிருந்து கீழாகக் கழுவல். தார் எடுக்கும் மருந்தை ஒரு பாட்டிலில் ஊற்றிப் பீய்ச்சுவோம். மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். புள்ளியின்மேல் பட்டதும் தார் மெல்ல இளகி, பழுப்பாக வழிய ஆரம்பிக்கும். வழிந்ததும் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் காரியம் கெட்டுவிடும். கூரை, பானெட், இடப்பக்கம் என்று சுலபமானதை முதலில் முடித்துக்கொண்டு, வலப்பக்கத்தைக் கடைசிக்கு விட்டுவைத்தேன். கஷ்டமான வேலையைத் தள்ளிப்போடுவதில் நானும் டீச்சரும் ஒரே ஜாதி.

ஆறு மணிக்கு மழை பிடித்தது. சாரல் உள்ளே தெறித்ததால் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டேன். பங்க்கில் யாரும் இல்லை. தகரத்தில் மழைச் சத்தம். உள்ளே நானும் காரும்.

ஆறு ஐம்பது இருக்கும். இடப்பக்க முன் கதவின் அருகே முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது.

சர்ர்ர்... சர்ர்ர்...

மெல்லிய சத்தம். காருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். பிளாஸ்டிக் கவர் பெயிண்ட்டின்மேல் நகரும் சத்தம்.

காற்றில் கவர் பறந்து போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். எழுந்து பார்த்தேன். ஸ்டூலில் கவர் இல்லை. சரிதான், பறந்திருக்கிறது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். வலப்பக்கப் பின் கதவின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்தேன்.

உள்ளே ஈரம்.

வெளியே ஈரம் என்றால் புரியும், ஷெட் முழுக்கத் தண்ணீர்தானே. வெளியே உலர்ந்திருந்தது. உள்ளேதான் ஆவி படிந்திருந்தது. கையை மாட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் வியர்த்துப் படியுமே, அப்படி.

காலையில் நான் போட்டுக் கழற்றியதாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவரை ஸ்டூலில் வைத்து, அதன்மேல் ஒரு துணியையும் வைத்தேன். இடப்பக்கம் வந்து உட்கார்ந்தேன்.

டொக் டொக்.

காரின் கூரைமேல். ஆணி அடித்த மாதிரி இரண்டு தட்டு.

சூடான உலோகம் ஆறும்போது சத்தம் வரும். பானெட்டில் வரும். மூன்று மணி நேரமாக நின்றுகொண்டிருக்கும் காரின் கூரையில் வராது. இருந்தாலும் எழுந்து, சத்தம் வந்த இடத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. விரலை வைத்தேன். வழவழ. கவரை எடுத்து மாட்டிக்கொண்டு தடவினேன்.

நெருடியது.

கடுகைவிடச் சின்னதாக ஒரு தார்ப்புள்ளி. நான் விட்டுவிட்டது.

எனக்கு அப்போது வந்தது பயம் இல்லை, எரிச்சல். பதினோரு வருட அனுபவம், ஒரு புள்ளியை விட்டிருக்கிறேனே என்று. மருந்தடித்துத் துடைத்தேன். "போச்சா? சரியா?" என்று சத்தமாகவே கேட்டேன். தனியாக வேலை செய்கிறவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

சர்ர்ர்... என்றது அந்தப் பக்கம்.

கவர் என் கையில் இருந்தது.

அப்போதுதான் முதுகு சில்லிட்டது. மணி பார்த்தேன். ஏழு இருபது. யாரையாவது கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். யாரை? மனைவி டியூட்டியில் இருப்பாள், போன் லாக்கரில் கிடக்கும். முன்பு கூட இருந்தவன் எடுக்க மாட்டான். எண்களைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். எல்லாம் கார்காரர்கள். "எப்ப ரெடியாகும்" என்று கேட்பவர்கள். இந்த நேரத்தில் "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்ல ஒரு மனுஷன் இல்லை எனக்கு. பயத்தைவிட அதுதான் அந்த நிமிடம் நெஞ்சை அடைத்தது. போனை உள்ளே போட்டேன்.

ஷட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆனால் காலையில் ஏழு மணிக்கு டீச்சர் வருவார். அந்தக் கலங்கிய கண் ஞாபகம் வந்தது. வலப்பக்கத் தாரில் இன்னும் கையே வைக்கவில்லை.

கவரைக் கழற்றி ஸ்டூலில் வைத்துவிட்டு, வேலையைப் பார் என்று குனிந்தேன்.

புஸ்... புஸ்...

பாட்டில் பீய்ச்சும் சத்தம்.

என் பாட்டிலைத் தேடினேன். காலடியில்தான் வைத்திருந்தேன். இல்லை.

புஸ்... புஸ்... புஸ்...

மண்ணெண்ணெய் வாடை குப்பென்று வந்தது. வலப்பக்கத்திலிருந்து.

நான் அசையவில்லை. இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஊற விடுகிற நேரம் அது. எனக்கு நன்றாகத் தெரியும். சரியாக எவ்வளவு விட வேண்டுமோ அவ்வளவு.

அப்புறம் தொடங்கியது.

கிர்ர்க்... கிர்ர்க்...

நகம்.

பெயிண்ட்டின்மேல் நகம்.

இப்போது நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பயந்து ஓட வேண்டியவன், தொழில் புத்தியில் கத்திவிட்டேன்.

"யாருங்க அது! நகம் போடாதீங்க! பெயிண்ட் போயிடும்!"

சத்தம் நின்றது.

மழையும் நின்றிருந்தது. ஷெட்டுக்குள் அப்படி ஓர் அமைதி. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது.

பிறகு, மெதுவாக... முன்பைவிட மெதுவாக...

கிர்ர்க்.

நான் சொன்னதைக் கேட்டு, ஜாக்கிரதையாகச் செய்கிற மாதிரி.

குனிந்து காருக்கு அடியில் பார்த்தேன். பேய்க்குக் கால் இருக்காது என்பார்கள். அதைச் சரிபார்க்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அந்தப் பக்கம் கால் எதுவும் இல்லை.

என் வாளி இருந்தது. அதை நான் அங்கே வைக்கவில்லை. வாளித் தண்ணீர் வட்டம் வட்டமாக அசைந்துகொண்டிருந்தது. இப்போதுதான் யாரோ கையை அலசி எடுத்த மாதிரி.

எழுந்தேன். காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டேன். எதிர்ச் சுவரில் கடிகாரம். எட்டு ஐந்து.

ஸ்டூலில் கவர் இல்லை.

அது கூரைமேல் இருந்தது.

தட்டையாகக் கிடக்கவில்லை. உப்பியிருந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை. அதற்கு மேல் ஒன்றுமில்லை... வெறும் ஷெட்தான் தெரிந்தது.

அது நகர்ந்தது.

சர்ர்ர்...

அவசரமில்லாமல். கண்ணை மூடிக்கொண்டு தடவுகிறவர்கள் நகர்த்துவது போல. கொஞ்சம் முன்னால். கொஞ்சம் நின்று. மறுபடி முன்னால். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக.

என் பக்கமாக.

கையை எடு என்று மனசு சொன்னது.

கை வரவில்லை.

சர்ர்ர்...

ஒரு சாண்.

நாலு விரற்கடை.

தொட்டது.

என் புறங்கையில் ஏறியது. கவர் சில்லென்று இருந்தது. ஆனால் அதற்குள்ளே இருந்த கை... சூடாக இருந்தது. கணுக்கணுவாகத் தடவியது. நிதானமாக. என் கையை யாரும் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று, அந்த நேரத்தில், அந்தப் பயத்தில், எனக்குத் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன். அழுகை வந்துவிட்டது.

விரல் நுனிக்குப் போனது.

என் நகத்தில் நின்றது. பதினோரு வருட அழுக்கு படிந்த நகம்.

டொக் டொக்.

நான் ஓடினேன். ஷட்டருக்கு அடியில் எப்படி நுழைந்தேன் என்று தெரியாது. முதுகில் சிராய்ப்பு இருந்ததை வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தேன். விளக்கை அணைக்கவில்லை. பூட்டவும் இல்லை. சேறும் தண்ணீருமாக வீடு வரைக்கும் ஓடினேன். வீட்டில் எல்லா விளக்கையும் போட்டேன். கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்தில் போய்ப் படுத்து, அவள் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தூக்கம் எங்கே வரும்?

விடிந்ததும் ஆறு மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். தைரியம் வந்து போகவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேனே, அதற்காகத்தான். ஒரு மணி நேரத்தில் வலப்பக்கத்தை எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு முடித்துவிட்டு, மீதிக்கு டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று கணக்கு.

ஷட்டர் நான் விட்டபடியே இருந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காரைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன்.

வலப்பக்கத்தில் ஒரு புள்ளி இல்லை.

முன் சக்கரத்திலிருந்து பின் பம்பர் வரைக்கும் கண்ணாடி. என் முகம் தெரிந்தது. கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. கீழே முன் சக்கரத்தின் பக்கத்தில் என் பழைய துணியொன்று சதுரமாக விரிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் மிளகு மிளகாகக் கறுப்பு உருண்டைகள். மருந்தில் கரைந்த தார் பழுப்பாக வழிந்துதான் போகும், இப்படி உருண்டையாக வராது. ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தால்தான் இப்படி வரும். கைப்பிடியில் கவர் தொங்கியது. நான் அதைத் தொடவில்லை.

ஏழு மணிக்கு டீச்சர் வரவில்லை. ஏழேகாலுக்குக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அங்கே தனியாக நிற்க முடியாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

வாசலில் செருப்பு கிடந்தது. மனைவி வந்துவிட்டிருந்தாள். எப்போதும் நேராகக் குளிக்கப் போகிறவள், அன்று யூனிபார்மோடு சமையலறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் சரியில்லை. என்னைப் பார்த்ததும், "எங்க போயிட்டீங்க இவ்வளவு காலைல?" என்றாள். ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"உட்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்."

உட்கார்ந்தேன்.

"எங்க வார்டுல ஒரு பெரியவர். ஒரு வருஷத்துக்கு மேல படுக்கை. பேச்சு கிடையாது. எதாவது பிடிக்கலேன்னா கட்டில் கம்பியில ரெண்டு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். இன்னிக்கு வீட்டுக்குப் போக வேண்டியவர். நேத்து சாயங்காலம் அஞ்சு நாற்பதுக்கு இறந்துட்டார். நான் டியூட்டிக்குப் போறதுக்கு முன்னாடியே."

நான் குனிந்து என் நகத்தைப் பார்த்தேன்.

"அவர் பொண்ணு டீச்சர். அப்பா வரப் போறார்னு வீட்டுல ரூமைத் தயார் பண்ணிட்டு இருந்திருக்காங்க. போனைக் கவனிக்கல. அதனால தனி ரூம்ல வெச்சிருந்தோம். ஏழு மணிக்கு நான்தான் உடம்பைத் துடைச்சேன். கையை நல்லாத் துடைச்சு, நகம்கூட வெட்டிவிட்டேன். ஒரு வருஷமா படுக்கையில இருக்கறவர் கை எப்படி இருக்கும்? பஞ்சு மாதிரி, வெள்ளையா இருந்துச்சு. துணியை மூடி, கதவைப் பூட்டி, சாவியை நானே வெச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"எட்டே முக்காலுக்குப் பொண்ணு வந்தாங்க. கதவைத் திறந்து துணியை எடுத்தேன்." அவள் குரல் இறங்கியது. "விரலெல்லாம் ரொம்ப நேரம் தண்ணியில ஊறின மாதிரி சுருங்கியிருந்துச்சுங்க. நகத்துக்குள்ள... கறுப்பா. பத்து நகத்துலயும்."

சொல்லிவிட்டுத் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நான் பதறிட்டேன். பொண்ணு பார்த்தா என்ன நினைப்பாங்க? ஆனா அவங்க அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இதுதான் எங்க அப்பா கை. ஒரு வருஷமா யாரோ கை மாதிரி இருந்துச்சு'ன்னு அழுதாங்க. எப்படி வந்துச்சுன்னு கேட்கவே இல்ல. காரைச் சுத்தம் பண்ணக் கொடுத்திருக்கேன், அப்பா அதுல வந்திருக்கணும்னு அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க."

"அழுக்கு... துடைச்சியா?"

"மூணு தடவை துடைச்சேன். போகல. சோப்பு, ஸ்பிரிட் எல்லாம் போட்டுப் பார்த்தேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அது தார்ங்க. குனிஞ்சதும் எனக்குத் தெரிஞ்சுடுச்சு. பதினோரு வருஷமா உங்க சட்டையில வர்ற வாசனை எனக்குத் தெரியாதா? அந்தப் பூட்டின ரூம்ல, அந்தக் கையில, உங்க ஷெட்டு வாசனைங்க."

நான் அவள் கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோனேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பிடிக்கிறேன். மூன்று தடவை அவரைத் துடைத்த கை.

மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"நேத்து ராத்திரி ஷெட்டுல தனியாவா இருந்தீங்க?"